பழைய காருக்கு எந்தத் தண்ணீர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ரேடியேட்டர் தண்ணீர் பற்றியவை, அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். நீலகிரியிலும் பழனி மலையிலும் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பழைய ஜீப் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் ஊற்றும் தண்ணீர் பற்றி ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பேச்சு. மலைத் தண்ணீரின் தொல்லை வேறு, கீழே சமவெளித் தண்ணீரின் தொல்லை வேறு, அதைப் பிரித்துச் சொல்லுபவர்கள் குறைவு.

“ஐயா, என்னிடம் அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது, அப்பா வாங்கியது. வீட்டுக்குப் பின்னால் சோலையிலிருந்து வரும் ஊற்று இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் ஒரு வெள்ளைப் படிவுகூட நிற்காது. அதைத்தான் ரேடியேட்டருக்கும் ஊற்றுகிறோம். மகன் டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்கிறான். இவ்வளவு நல்ல தண்ணீர் இருக்கும்போது காசு கொடுத்து வாங்க வேண்டுமா?” – குன்னூர் வாசகர்

உங்கள் ஊற்றுத் தண்ணீரை நான் குறை சொல்ல மாட்டேன் ஐயா. நீலகிரி பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினமான பாறை, சுண்ணாம்புக்கல் இல்லை. மழை சோலை மண்ணில் இறங்கி ஊற்றாக வெளியே வரும்போது கால்சியமும் மெக்னீசியமும் அதில் அதிகம் கரைவதில்லை. கீழே போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்கவே நுரைக்காது, இங்கே குளித்தால் எத்தனை செம்பு ஊற்றினாலும் வழவழப்பு போகாது, இரண்டுக்கும் காரணம் இதுதான். உப்பு படிவதைப் பொறுத்தவரை உங்கள் தண்ணீர் முதல் தரம்.

ஆனால் உப்பு படிய வைக்காது என்பதால் அது என்ஜினுக்குக் கெடுதலே செய்யாது என்று ஆகிவிடாது. உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி என்ஜின், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், அவற்றை ஒட்டியிருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர். இத்தனை உலோகங்களும் ஒரே தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு துருப்பிடிக்கும். சோலைத் தண்ணீர் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்த பக்கம் சாய்ந்திருக்கும், அந்தப் புளிப்பை அடக்குகிற உப்புகளும் அதில் குறைவு. உப்புத் தண்ணீராக இருந்தால் இரும்பின்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சாவது விழுந்து துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், மென்மையான தண்ணீரில் அதுவும் நடக்காது. மலையில் பச்சைத் தண்ணீரிலேயே ஓடும் வண்டிகளின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் நிற்பதற்கு இதுதான் காரணம். பிளாக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறது.

அந்தத் துரு எங்கே போகிறது என்பதுதான் பெரிய கவலை. வாட்டர் பம்ப் முன்னால் இருக்கிறது, தண்ணீர் ஓட்டம் பின்பக்கம் போகப்போக மந்தம், அதனால் துருச்சேறு கடைசி சிலிண்டரைச் சுற்றி அடியில் போய் உட்காரும். சூடு காட்டும் மீட்டரின் முள் நடுவிலேயே நிற்கும், ஆனால் நாலாவது சிலிண்டர் தனியாக வெந்துகொண்டிருக்கும். ஹெட் கேஸ்கட் திரும்பத் திரும்ப பின்பக்கமே போகிறது என்று சொல்பவர்கள் ஒருமுறை பிளாக்கின் வெல்ச் பிளக்கை, அதாவது பக்கவாட்டுத் துளையை அடைத்திருக்கும் தகட்டு மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

சரி, மகன் சொல்வதுபோல டிஸ்டில்ட் வாட்டரை மட்டும் ஊற்றினால் போதுமா? போதாது. அதுவும் வெறும் தண்ணீர்தான், காற்று பட்டால் அதுவும் லேசாகப் புளிக்கும், அதிலும் இரும்பு துருப்பிடிக்கும். டிஸ்டில்ட் வாட்டர் உலோகத்தைத் தின்றுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு, அது பாதி உண்மை, ஏனென்றால் துருத்தடுப்பு மருந்து கலக்காத எந்தத் தண்ணீரும் தின்னத்தான் செய்யும். அந்த மருந்து கூலன்ட்டில் இருக்கிறது. தண்ணீரின் வேலை சூட்டைச் சுமப்பது, கூலன்ட்டின் வேலை உலோகத்தைக் காப்பது, தண்ணீரில் தேவையில்லாத உப்பு இல்லாமல் இருந்தால் கூலன்ட்டில் உள்ள மருந்து வீணாகாமல் அதன் வேலையைச் செய்யும்.

உங்கள் ஊற்றுத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் கலந்தால் வண்டி நன்றாகவே ஓடும். இருந்தாலும் காசு கொடுத்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஊற்று எல்லா மாதமும் ஒரே மாதிரி இருப்பதில்லை, பருவமழையில் செம்மண் கலங்கும், மேலே தேயிலைத் தோட்டம் இருந்தால் உரத்தின் உப்பும் இறங்கி வரும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சில லிட்டர் வாங்குவதுதானே, பெரிய செலவில்லை. வாராவாரம் தண்ணீர் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால் முதலில் ஒழுகலைத் தேடுங்கள். ஒவ்வொரு தடவை புதுத் தண்ணீர் ஊற்றும்போதும் புது ஆக்சிஜனும் உள்ளே போகிறது, மூடிக் கிடக்கும் பழைய தண்ணீரைவிட அதுதான் அதிகம் துருப்பிடிக்க வைக்கும்.

“சார், என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருப்பது மேட்டுப்பாளையத்தில், அடிக்கடி கோத்தகிரி ஏறி இறங்கும். வீட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம். ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா, காய்ச்சி ஆறவைத்து ஊற்றலாமா, சாஃப்ட்னர் தண்ணீர் பரவாயில்லையா?” – மேட்டுப்பாளையம் வாசகர்

உங்களுக்கு இருப்பது குன்னூர்க்காரருக்கு நேர்மாறான சிக்கல். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் உடைந்து சுண்ணாம்பாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். என்ஜினில் சூடு அதிகமான இடம் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள சுவர். அந்தப் படிவம் வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு மோசமாகச் சூட்டைக் கடத்தும், மெல்லிய படிவமே போதும், உலோகத்தின் சூடு தண்ணீருக்கு வந்து சேராது. ரேடியேட்டர் குழாய்கள் வேறு உள்ளே சன்னமாகிக்கொண்டே போகும்.

காய்ச்சி ஆறவைத்தால் ஒரு பகுதி சுண்ணாம்பு பாத்திரத்திலேயே படிந்துவிடும், அது நல்லதுதான், ஆனால் சல்பேட்டும் குளோரைடும் அப்படியே இருக்கும், தண்ணீர் ஆவியாகிக் குறைந்ததால் அவற்றின் அடர்த்தி இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். சாஃப்ட்னர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது, அவ்வளவுதான். சோப்பு நுரைக்கும், கீசரில் படிவு நிற்காது, ஆனால் குளோரைடு எங்கேயும் போகவில்லை. துருவுக்கும், அலுமினியத்தில் குழி விழுவதற்கும் குளோரைடு மாதிரி எதிரி இல்லை.

ஆர்ஓ தண்ணீர் இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனால் பல வீட்டு ஆர்ஓக்களில் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரையோ தாது உப்பையோ திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் அடங்கும். அதில் 30க்குக் கீழே காட்டினால் தாராளமாக ஊற்றலாம். மினரல் வாட்டர் என்று விற்கும் பாட்டில் தண்ணீரிலும் தாது உப்பு சேர்க்கிறார்கள், அதில் என்ஜினுக்கு எந்த லாபமும் இல்லை.

குடிக்கும் தண்ணீர்தானே என்ற வாதம் அடிக்கடி வருகிறது, அதற்காக இந்தக் கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. அதன்படி ஒரு லிட்டரில் குளோரைடு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1000 வரைகூட விடலாம். கூலன்ட்டுடன் கலக்கும் தண்ணீருக்கு அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி3306 தரம் சொல்லும் உச்சவரம்பு குளோரைடு 40, சல்பேட் 100, மொத்தக் கடினத்தன்மை 170. குடிநீரில் ஏற்கத்தக்க குளோரைடில் ஆறில் ஒரு பங்கைக்கூட என்ஜின் தாங்குவதில்லை.

எல்லாவற்றிலும் சுலபமான வழி தாது உப்பு நீக்கிய டிஎம் வாட்டர், அதாவது பெட்ரோல் பங்க்கிலும் பேட்டரிக் கடையிலும் கேனில் விற்கும் பேட்டரி வாட்டர். பேட்டரி ஆசிட் வேறு, அதுவும் அதே கடையில் அதே மாதிரி கேனில் இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். சீல் இல்லாத கேனை நம்ப வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மீட்டரை விட்டுப் பாருங்கள், நல்ல டிஎம் வாட்டர் என்றால் ஒற்றை இலக்கம்தான் காட்டும்.

“அண்ணே, பழைய பெட்ரோல் ஜீப் ஓட்டுகிறேன். வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது பாதி மலை வரை ஒன்றும் இல்லை, பெருமாள்மலை தாண்டியதும் கொதிக்கிறது. கீழே கொதிக்காத வண்டி, குளிர்ந்த இடத்துக்கு வந்த பிறகு ஏன் கொதிக்க வேண்டும்? தண்ணீர் சரியில்லையா?” – கொடைக்கானல் வாசகர்

தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள் தம்பி. உயரம் போகப்போக காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2100 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதிக்கும். 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மலையில் பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான், வீட்டில் குக்கர் போட்டுச் சமாளிக்கிறோம், வண்டியில் அந்தக் குக்கர் மூடி வேலையைச் செய்வது ரேடியேட்டர் கேப்.

கணக்கு இப்படிப் போகும். என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேப்பின் ரப்பர் செத்துப்போய் அழுத்தம் நிற்கவில்லை என்றால் 93ல் கொதிக்கும், உங்களுக்கு மிச்சம் இருப்பது 11 டிகிரி. மலை ஏறும்போது, அதிலும் இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவுகளில், அந்த 11 டிகிரி நொடியில் போய்விடும். கேப் 4 பிஎஸ்ஐ (டயர் காற்றுக்குச் சொல்லும் அதே அழுத்த அளவு) பிடித்தால் கொடைக்கானலில் 101 வரை தாங்கும், 7 பிஎஸ்ஐ பிடித்தால் 106ஐ ஒட்டி வரும். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் கலந்திருந்தால் அதற்கு மேலும் மூன்று நாலு டிகிரி கிடைக்கும். காற்று குளிர்ந்திருப்பது உதவிதான், ஆனால் மெதுவாக ஏறும் வண்டிக்கு ரேடியேட்டர் வழியே போகும் காற்றே குறைவு, உயரத்தில் அந்தக் காற்றும் லேசாகிவிடும்.

அதனால் முதல் வேலை, வண்டிக்கு என்ன பிஎஸ்ஐ சொல்லியிருக்கிறதோ அதே எண்ணில் புது கேப். மேலே கொதிக்கிறதே என்று புதுக் கார் கேப்பை, 13, 15 என்று மாட்டிவிடாதீர்கள், அந்தக் கால ரேடியேட்டரின் சால்டரும் மேல் தொட்டியும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல, பிளந்துகொள்ளும். இரண்டாவது, ஃபேன் பெல்ட் இறுக்கமும் ரேடியேட்டர் வெளிப்பக்கம் அடைந்திருக்கும் பூச்சியும் சேறும். மூன்றாவதாகத்தான் உள்ளே உப்போ துருவோ அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் சூடான பிறகு அணைத்துவிட்டு ரேடியேட்டர் முகப்பை மேலிருந்து கீழாக, ஓரத்திலிருந்து ஓரமாகத் தொட்டுப் பாருங்கள், நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி எடுப்பார்கள், செம்பு ரேடியேட்டரின் பெரிய வசதி அது, தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியம் வாங்காதீர்கள்.

கொதிக்கிறது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் கொடைக்கானல் குளிரில் என்ஜின் சூடே ஏறாது, பெட்ரோல் ஆயிலில் கலக்கும், ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படியும், ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயந்து என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. மேலே வந்து சேர்ந்ததும் உடனே சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், தண்ணீர் சுற்றி ஹெட்டின் சூட்டைக் கொஞ்சம் இறக்கிவிடும்.

“சார், கூலன்ட் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று வருகிறது. 1970களின் வண்டிக்கு எது? பாதிக்குப் பாதி கலக்க வேண்டும் என்கிறார்கள். ஊட்டிக் குளிருக்குக் கூலன்ட்டே தேவையில்லை என்றும் ஒருவர் சொன்னார்.” – ஊட்டி வாசகர்

குளிருக்குத் தேவையில்லை என்று சொன்னவர் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் தலைகுந்தா பக்கம் போய்ப் புல்வெளியைப் பார்க்கட்டும். வெப்பம் பூஜ்யத்துக்குப் போகும் ராத்திரிகள் நம் ஊரில் வருடா வருடம் வருகின்றன. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். திறந்த வெளியில் நிற்கும் வண்டியில் முதலில் ஆபத்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்கு. பிளாக் பெரிய இரும்பு, அது ஒரு ராத்திரியில் உறைவது அபூர்வம், ஆனாலும் விஷப் பரீட்சை எதற்கு? கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைகால் மூன்றில் ஒரு பங்கு கலந்த தண்ணீர் மைனஸ் 17 டிகிரி வரை உறையாது, நீலகிரிக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

பாதிக்குப் பாதி என்பது கடும் பனி பெய்யும் நாடுகளுக்குச் சொன்ன அளவு. கிளைகால் கூடக்கூட தண்ணீர் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும், மலை ஏறும் வண்டிக்கு அது நல்லதல்ல. மூன்றில் ஒன்றுக்குக் கீழே போனால் துருத்தடுப்பு மருந்து போதாமல் போகும். 33லிருந்து 40 சதவீதம் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம், அது வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. கேனின் பின்பக்கம் படியுங்கள். செம்பு, பித்தளை, சால்டர் உள்ள பழைய வண்டிக்கு சிலிக்கேட் போன்ற கனிம மருந்து கலந்த பழைய வகைதான் பாதுகாப்பு. லாங் லைஃப், ஓஏடி என்று போட்டு வருபவை கரிம அமில வகை, அவை அலுமினிய என்ஜின்களுக்காக உருவானவை, அவற்றில் சில ஈயச் சால்டரையும் பழைய ரப்பர், கேஸ்கட்களையும் பாதிக்கின்றன என்ற புகார் பழைய கார் வட்டாரத்தில் பல நாடுகளிலும் இருக்கிறது. பழைய வகையின் மருந்து சீக்கிரம் தீரும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், நிறம் நன்றாக இருக்கிறதே என்று விடக் கூடாது. இரண்டு வகையையும் கலந்துவிடவும் கூடாது. இன்னொன்று, சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் உள்ள கூலன்ட்டில் உப்புத் தண்ணீரைக் கலந்தால் அந்த மருந்தே கால்சியத்தோடு சேர்ந்து கூழாக இறங்கிவிடும், டிஎம் வாட்டர் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ரெடி டு யூஸ் என்று போட்டிருந்தால் அதில் தண்ணீர் ஏற்கெனவே கலந்திருக்கிறது, மேலே ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள்.

“அண்ணா, தாத்தாவின் பிரீமியர் பத்மினி பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. திரும்ப ஓட்ட ஆசை. ரேடியேட்டரில் பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. அதை மாற்றிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதுமா? ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டும் என்கிறார் மெக்கானிக்.” – கோத்தகிரி வாசகி

ஆசிட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள் தங்கச்சி. பத்மினியின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். மெக்கானிக் சொல்வது பாத்ரூம் கழுவும் ஆசிட் என்றால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், துருவைக் கரைக்கும் வேகத்தில் அலுமினியத்தையும் கரைத்துவிடும், தண்ணீர் போகும் துளைகளின் ஓரம் அரித்துப்போன ஹெட்டுக்குக் கேஸ்கட் எத்தனை போட்டாலும் நிற்காது.

என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இந்த வேலை நடக்கட்டும். ரேடியேட்டர் அடியில் ஒரு வடிகுழாய் இருக்கும், பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொன்று. இரண்டாவதைத் திறக்காமல் விட்டுவிடுவதுதான் வழக்கம், சேறு முழுக்க அங்கேதான் இருக்கும். திறந்தும் எதுவும் வரவில்லை என்றால் அடைத்திருக்கிறது, வளைந்த கம்பியால் மெதுவாகக் குத்துங்கள். தெர்மோஸ்டாட்டையும் ஹோஸ்களையும் கழற்றிவிட்டு, ரேடியேட்டரைத் தனியாக, பிளாக்கைத் தனியாக, தண்ணீர் வழக்கமாகப் போகும் திசைக்கு எதிர்த் திசையில் தோட்டத்துக் குழாயை விட்டுக் கழுவுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை பொறுமையாக, ஒரு மத்தியானமே ஆகட்டும். இந்தக் கழுவலுக்கு எந்தத் தண்ணீரும் போதும்.

அதன் பிறகும் பழுப்பு நிற்கவில்லை என்றால் சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது. அலுமினியம் இருப்பதால் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் மாட்டி அந்தத் தண்ணீரோடு என்ஜினை மிதமான சூட்டுக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறியதும் உடனே வடித்துவிடுங்கள், ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது. அடுத்து கொஞ்சம் சமையல் சோடா கரைத்த தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர் இரண்டு மூன்று முறை, கடைசி முறை டிஎம் வாட்டரில். எவ்வளவு வடித்தாலும் பிளாக்கில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும், அந்தத் தங்கும் தண்ணீர் உப்பில்லாததாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் கடைசிக் கழுவலுக்கு டிஎம் வாட்டர்.

ஊற்றும்போது முதலில் அடர் கூலன்ட், பிறகு டிஎம் வாட்டர். மொத்தக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று ஓனர் மேனுவலைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அந்த அளவு கூலன்ட்டை முழுதாக ஊற்றிவிடுங்கள், மீதி இடத்தைத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். முன்பே பக்கெட்டில் கலந்து ஊற்றினால், உள்ளே தங்கிய தண்ணீர் அதை இன்னும் நீர்த்துப்போக வைத்துவிடும். கழுத்துவரை நிரப்பாதீர்கள், இந்த வண்டிகளில் வழிந்தது திரும்ப உள்ளே போக வழியில்லை, ஒரு அங்குலம் கீழேயே நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. இத்தனை வருடமாகத் துருவே அடைப்பாக இருந்து சில ஓட்டைகளை மூடி வைத்திருக்கும். கழுவிய பிறகு வெல்ச் பிளக்கிலோ ரேடியேட்டர் அடியிலோ ஒழுக ஆரம்பித்தால் சோர்ந்துவிடாதீர்கள், கழுவியதால் வந்த கெடுதல் அல்ல அது, மலைப்பாதையில் தெரிவதற்குப் பதில் ஷெட்டிலேயே தெரிந்தது. ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். தாத்தாவின் வண்டி கோத்தகிரி ரோட்டில் திரும்ப இறங்கினால் ஒரு வரி எழுதுங்கள், எனக்கு அது பெரிய சந்தோஷம்.

“ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடலாமா?” – கூடலூர் வாசகர்

வழியில் வேறு கதியில்லை என்றால் போடலாம், சின்ன ஒழுகல் நிற்கும், ஒர்க்‌ஷாப் வரை வந்து சேரலாம். ஆனால் அது ஓட்டையை மட்டும் தேடிப்போய் அடைப்பதில்லை, குழாய்களிலும் படியும். வந்து சேர்ந்ததும் வடித்துக் கழுவிவிட்டு ஒழுகலுக்கு சால்டர் வையுங்கள். பழைய டிரைவர்கள் துருப்பிடிக்காமல் இருக்க லேத் பட்டறையின் கட்டிங் ஆயிலைத் தண்ணீரில் கலப்பார்கள், கூலன்ட் சுலபமாகக் கிடைக்காத காலத்தில் அதுவும் ஒரு நல்ல யோசனைதான். இன்று வேண்டாம், ஆயில் பட்டால் ரப்பர் ஹோஸ் ஊதிப்போகும்.

“ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் மழைத் தண்ணீரும் டிஸ்டில்ட் வாட்டர் மாதிரிதானே?” – அருவங்காடு வாசகர்

பிறக்கும்போது அப்படித்தான். ஏசித் தண்ணீர், காயிலின் செம்பையும் அலுமினியத்தையும் தூசியையும் தட்டில் வளரும் பாசியையும் கழுவிக்கொண்டு வருகிறது. மழைத் தண்ணீர், தகரக் கூரையிலிருந்து துத்தநாகத்தையும் பறவை எச்சத்தையும் கொண்டுவரும். நல்ல மழை அரை மணி நேரம் பெய்து காற்றின் தூசி கழுவப்பட்ட பிறகு, திறந்த வெளியில் சுத்தமான பாத்திரத்தை நேராக வைத்துப் பிடித்து, துணியில் வடிகட்டினால் தாராளமாகப் பயன்படுத்தலாம், கூலன்ட் சேர்த்துத்தான்.

“மலைப்பாதையில் கொதித்து நின்றுவிட்டால், பக்கத்தில் ஓடும் ஓடைத் தண்ணீரை ஊற்றலாமா? வடித்த கூலன்ட்டை எங்கே கொட்டுவது?” – பர்லியார் வாசகர்

தாராளமாக ஊற்றுங்கள், தண்ணீரே இல்லாமல் ஓட்டுவதைவிட எந்தத் தண்ணீரும் மேல். ஆனால் அவசரப்படக் கூடாது. வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்துவிட்டு, கேப்பைத் தொடாமல் அரை மணி நேரமாவது காத்திருங்கள். அப்புறம் தடித்த துணியைப் போட்டு கேப்பை முதல் கட்டம் வரை மட்டும் திருப்பி ஆவி முழுக்க வெளியேறிய பிறகே கழற்ற வேண்டும், முகமும் கையும் வெந்தவர்கள் மலைப்பாதையில் எத்தனையோ பேர். காய்ந்துபோன சூடான ஹெட்டில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும், அதனால் என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வீடு வந்ததும் வடித்துவிட்டுப் பழையபடி கூலன்ட்டும் டிஎம் வாட்டரும். நீங்கள் இருப்பது ஏறும் வழியில், டிக்கியில் ஒரு 5 லிட்டர் கேன் இருந்தால் உங்களுக்கும் உதவும், வழியில் நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

வடித்த கூலன்ட்டை ஓடையிலோ சாக்கடையிலோ வாசலிலோ கொட்டவே கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாய் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே பெரிதாக எழுதி, பழைய என்ஜின் ஆயிலைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், ஆயிலோடு கலந்துவிடாமல் தனிக் கேனாக.